எப்போது களமிறங்கலாம்? அதைப் போட்டித் தேதி தீர்மானிக்கக் கூடாது

2022 ஜூலையில் நம் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில், கபடி ஆட்டத்தில் பிடிபட்டு விழுந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். களத்தில் படும் அடியை லேசாக எண்ணக் கூடாது. ஆனாலும் அடிபட்ட பிள்ளையிடம், "ஃபைனல் மட்டும் ஆடிடுப்பா" என்று கேட்பது இன்னும் நிற்கவில்லை.

எப்போது ஆடக் கூடாது?

தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி, தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அன்று மீண்டும் ஆடவே கூடாது. மயக்கம் தெளியாவிட்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். குணமான பிறகு நடை, ஓட்டம், தனிப்பயிற்சி என்று படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் உள்ள ஆட்டத்துக்கு மருத்துவரின் அனுமதி கட்டாயம்.

முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் பொதுவாக 9 மாதமாவது பொறுக்க வேண்டும். வலி நின்றால் மட்டும் போதாது. அடிபட்ட காலின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். ஆடும்போது காரணமின்றி மயங்கி விழுந்தவர், இதயப் பரிசோதனை முடியும்வரை களமிறங்கக் கூடாது.

இந்தியக் கிரிக்கெட் வீரர் பும்ராவைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் முதுகுக் காயத்திலிருந்து திரும்பினார். சில நாட்களிலேயே மீண்டும் விலகி, டி20 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை இழந்தார். 2023 மார்ச்சில் அறுவைச் சிகிச்சை. ஆகஸ்டில்தான் மறுபடி சர்வதேசப் போட்டியில் பந்து வீசினார். தேர்ந்த மருத்துவக் குழு உடனிருந்தவருக்கே இந்த நிலை.

உங்கள் உரிமைகள்

• "ஆட முடியாது" என்று மறுக்கலாம். பயிற்சியாளரோ குழுவோ கட்டாயப்படுத்த முடியாது.

• மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

• விருத்தாசலம் செராமிக் ஆலைகளில் வேலை பார்ப்பவரா? இஎஸ்ஐ பதிவும் போதிய சந்தா நாட்களும் இருந்தால், விளையாட்டில் அடிபட்டு விடுப்பு எடுத்தாலும் நோய்க்கால உதவித்தொகை உண்டு: ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. மருத்துவச் சான்று அவசியம்.

• கட்டணம் செலுத்திய சிகிச்சையில் கவனக்குறைவு என்றால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

போட்டி நடத்துபவர்களே, ஆம்புலன்ஸும் மருத்துவரும் இல்லாமல் விசில் ஊதாதீர்கள். பெற்றோரே, மருத்துவர் எழுதித் தரும்வரை பிள்ளையைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். கோப்பை அடுத்த ஆண்டும் வரும்.