பொட்டலத்துக்குள் ஒரு பட்டறை

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் ஒரு சாளரத்தைப் பாருங்கள். எழுதுவதற்கு ஒரு கட்டம், கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். இவற்றை எல்லாம் வரி வரியாக நிரல் எழுதித்தான் உண்டாக்க வேண்டும் என்பதில்லை. பொத்தானைச் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் வைத்தாலே போதும் என்னும்படி சில மென்பொருள்கள் உள்ளன. 1998-ஆம் ஆண்டு வெளிவந்த 'கிளேட்' அத்தகையது. சாளரங்களைச் செய்யும் பட்டறை என்றே அதைச் சொல்லலாம்.

இந்தப் பட்டறையை இன்னொருவர் கம்ப்யூட்டருக்கு எப்படி அனுப்புவது? நிரல் கோப்பை மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்தால் போதுமா? போதாது.

கல்யாணத்துக்குச் சமைக்க வருபவர் முதலில் கொடுப்பது சாமான் பட்டியல் அல்லவா? கரண்டியும் அண்டாவும் அவருடையவை. அரிசியும் பருப்பும் கல்யாண வீட்டாருடையவை. கிளேடும் அப்படித்தான். அது காட்டும் பொத்தான்களை வரைவது ஜி.டி.கே. என்னும் லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுநிரல் தொகுதி. அது கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கிளேட் எழுந்திருக்கவே செய்யாது.

எனவே நிரலையும் பட்டியலையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். இந்தக் கட்டுக்குப் 'பேக்கேஜ்' என்று பெயர். நாம் பொட்டலம் என்போம். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அமைப்பின் பொட்டலம் ஒன்றைப் பிரித்தால் உள்ளே மூன்று உருப்படிகள் இருக்கும். முதலாவதில் பொட்டல வகையின் பதிப்பெண், '2.0' என்று. இரண்டாவதில் பெயர், பதிப்பு, தேவைப்படும் பிற பொட்டலங்களின் பட்டியல். மூன்றாவதில்தான் கோப்புகள், ஒவ்வொன்றும் எங்கே போய் உட்கார வேண்டும் என்ற முகவரியுடன். நிறுவும்போது பட்டியலைப் பார்த்து, இல்லாதவற்றை முதலில் வரவழைத்துவிட்டுப் பிறகே கிளேடை வைப்பார்கள்.

இந்தப் பட்டியலை யார் எழுதுவது? பாதியைக் கம்ப்யூட்டரே எழுதிவிடும். நிரலுக்குள் எந்தெந்த லைப்ரரிகள் அழைக்கப்படுகின்றன என்று படித்துச் சொல்ல ஒரு கருவி உண்டு. சிக்கல் மற்றப் பாதியில்தான். கிளேடுக்குப் பொத்தான், கட்டம் முதலியவற்றின் விவரம் நிரலுக்குள் இல்லை. தனி அட்டவணைக் கோப்புகளில் இருக்கிறது. அவை வந்து சேராவிட்டால் பொத்தான் என்று ஒன்று உண்டு என்பதே கிளேடுக்குத் தெரியாது! சின்னச் சின்னப் படங்களும் வேறொரு பொட்டலத்திலிருந்து வருபவை. லைப்ரரிகளைத் தேடும் கருவியின் கண்ணுக்கு இவை படா.

பொட்டலம் கட்டுபவர் தம் கம்ப்யூட்டரிலேயே சோதித்தால் தவறு வெளிப்படாது. அவரிடம்தான் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றனவே! ஆகையால் அடிப்படைக் கோப்புகள் மட்டுமே உள்ள ஒரு வெற்று அமைப்பை உண்டாக்கி, அதில் நிறுவிப் பார்க்கிறார்கள். பிறகு நீக்கியும் பார்க்கிறார்கள், மிச்சம் மீதி ஏதாவது கிடக்கிறதா என்று. எழுதியவரின் திறமையைவிட இந்தச் சோதனையே பெரிது என்பது என் எண்ணம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறுவும்போது பொட்டலத்துக்குள் இருக்கும் கட்டளைகள் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தோடு ஓடும். வழியில் யாரேனும் அதைத் திருத்தியிருந்தால்? அதற்காகவே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 256 பிட் நீளமுள்ள கைரேகை போன்ற ஓர் எண் கணக்கிடப்படுகிறது. அந்த எண்கள் அடங்கிய பட்டியலை டெபியனின் மின் கையொப்பம் காக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். நிறுவும் நிரல் பொட்டலத்தை ஏற்க மறுக்கும். முன்பின் தெரியாத இடத்திலிருந்து இறக்கிய பொட்டலத்துக்கு இந்தக் காவல் கிடையாது.

பட்டியலே தொல்லையாகிவிடுவதும் உண்டு. ஒரு நிரலுக்குப் பழைய லைப்ரரி வேண்டும், மற்றொன்றுக்குப் புதியது வேண்டும் என்றால் என்ன செய்வது? 2020-இல் ஜி.டி.கே. 4 வந்தது. கிளேடோ மூன்றாம் பதிப்போடு நின்றுவிட்டது. நல்லவேளையாக இரண்டு பதிப்புகளின் கோப்புகளுக்கும் வேறு வேறு பெயர்கள். ஒரே கம்ப்யூட்டரில் சண்டையின்றி இருக்கின்றன. 'பிளாட்பேக்' என்னும் முறையில் நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் அமைப்பின் லைப்ரரிகளோடு கலவாமல் தனியே வந்து சேரும். சமையல்காரர் அரிசி மூட்டையையும் தாமே கொண்டுவருவதுபோல! தொல்லை குறையும், இடம் கூடுதலாகப் பிடிக்கும்.

சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் பள்ளியில் அது இருந்தால் ஆசிரியரிடம் அனுமதி பெற்று, ஏதேனும் ஒரு பொட்டலத்தின் தேவைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ஒரு பெயரைப் பிடித்து அதன் பட்டியலுக்குப் போங்கள்; பிறகு அதிலிருந்து அடுத்ததற்கு. நிரல்களைப் பொறுத்தவரை இந்தச் சங்கிலி பெரும்பாலும் 'லிப்-சி' என்ற ஒரே லைப்ரரியில் வந்து முடியும்.