முக்கொம்பை வரைந்து பழகுங்கள்

பொழுதுபோக்காக நடத்தும் ஊர் இணையதளத்துக்குப் படம் வரையக் கற்க விரும்பும் திருச்சிக்காரர்களுக்கு, முதல் பாடமாக முக்கொம்பையே சொல்வேன். நகருக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள அங்கே அகண்ட காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. சில கோடுகளில் அடங்கிவிடும் இடம்.

புகைப்படம் போதாதா? மதகும் தண்ணீரும் அதில் தெரியும். முக்கொம்பில் அணை ஏன் வந்தது என்பது தெரியாது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. வெள்ளம் அந்தப் பக்கமே இறங்கிப் போக, காவிரி மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். கொள்ளிடத்தை அகலமாக வரைந்து, அதன் தலைப்பில் அணையைத் தடித்த கோடாகப் போடுங்கள். பார்த்ததும் விஷயம் விளங்கும்.

இதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கிக் கீழ் லேயரில் வைத்து, மங்கலாக்கி, பூட்டிவிடுங்கள். பட்டர் பேப்பரில் அட்லஸைப் படியெடுப்பதுபோல, மேல் லேயரில் பேனா கருவியால் கரைகளை வரையுங்கள். புள்ளிகள் கூடக்கூடக் கோடு நடுங்கும். வளைவுக்கு ஒரு புள்ளி வைத்து அதன் கைப்பிடியை இழுத்தாலே ஆறு இயல்பாக வளையும். பழக்கம் வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான். படத்தின் கீழே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பது கட்டாயம். கூகுள் மேப்ஸின் மேல் இப்படி வரைய அதன் விதிகள் இடம் தருவதில்லை.

ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பாகவே தளத்தில் ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வேறு எழுத்துரு வந்து, பெயர்கள் இடம் மாறிப்போகலாம். ஆகவே எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றியபின் ஏற்றுங்கள். மாற்றியபின் பிழை திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியே வையுங்கள். தளம் எஸ்விஜியை ஏற்கவில்லையா, 1200 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜியாக எடுத்துக்கொள்ளலாம். கோட்டுப்படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் எழுத்தோரம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்; ஜேபெக் புகைப்படத்துக்கானது. கைபேசியில் எடுத்த புகைப்படத்தையும் அப்படியே ஏற்றாமல் அகலத்தைக் குறையுங்கள். பேருந்தில் போகிறபோது மெதுவான இணைப்பில் உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்கு அது பெரிய உதவி.

படத்தின் அடியில் ஆண்டையும் எழுதுங்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள அந்த மேலணையின் 9 மதகுகள் உடைந்து, பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது. ஆண்டில்லாத படத்தில் இருப்பது எந்த அணை என்று வாசகருக்குத் தெரியாது.