பட்டி ரயன்: பாதி அணியின் தளபதி

தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்த 1981 இறுதியில், சிகாகோ பேர்ஸ் அணியின் முதலாளி ஜார்ஜ் ஹாலாஸுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர்கள் அவருடைய ஆட்டக்காரர்களே. யாரை மாற்றினாலும் தற்காப்புப் பயிற்சியாளர் பட்டி ரயனை மட்டும் மாற்றாதீர்கள் என்பது அதன் சாரம். எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆலன் பேஜ்.

இத்தனைக்கும் ரயன் இனிமையானவர் அல்ல. கொரியப் போரில் சார்ஜெண்டாக இருந்தவர். புது வீரர்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்; பனியனில் உள்ள எண்தான் பெயர். தேறியவர்களிடம் மட்டும் உயிரையே வைத்திருந்தார்.

ஹாலாஸ் கடிதத்தை மதித்தார். 1982இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த மைக் டிட்காவுக்கு, தான் தேர்ந்தெடுக்காத உதவியாளராக ரயன் வாய்த்தார். உரசல் தொடங்கியது.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்க 11 பேர், தடுக்க வேறு 11 பேர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்தான் தாக்குதலின் மூளை. அந்த மூளையை யோசிக்கவே விடக்கூடாது என்பது ரயனின் சித்தாந்தம். எட்டுப் பேரைக்கூட முன்வரிசையை ஒட்டி நிறுத்துவார். யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்பது எதிரணிக்குப் பிடிபடாது. வியூகத்தின் பெயர் '46'. அது டக் பிளாங்க் என்ற வீரரின் பனியன் எண்.

1985 பருவத்தில் 16 லீக் ஆட்டங்களில் 15 வெற்றி. மயாமியிடம் தோற்ற அந்த ஒரு நாளில், இடைவேளையில் டிட்காவும் ரயனும் கைகலப்பை நெருங்கிவிட்டார்கள். அடுத்து வந்த இரு நாக்-அவுட் ஆட்டங்களில் எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 1986 ஜனவரி 26இல் நடந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து 46-10 என்று சுருண்டது. அந்த அணி பந்தோடு ஓடிக் கடந்த தூரம், மொத்தமே 7 கஜம். வீரர்கள் டிட்காவைத் தோளில் தூக்கினார்கள்; ரயனையும் தூக்கினார்கள்.

உடனே பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. 1988, 89, 90 என மூன்று பருவங்களில் நாக்-அவுட் சுற்று. மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 1988இல் வீழ்த்தியது டிட்காவின் பேர்ஸ்! 1991 ஜனவரியில் வேலை போனது. 1994 ஜனவரியில், ஹூஸ்டன் அணியின் உதவியாளராக, சொந்த அணியின் தாக்குதல் பயிற்சியாளரையே தொலைக்காட்சி கேமராக்களின் முன் குத்தினார். பிறகு அரிசோனாவில் இரண்டு பருவங்கள். அத்துடன் சரி.

2016 ஜூன் 28இல் இறந்த ரயனுக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஒரு நாக்-அவுட் வெற்றிகூட இல்லை. பாதி அணியைத் தன்பால் கட்டிப்போட்டவருக்கு முழு அணி வசப்படவில்லை. ஆனால், திட்டு வாங்கியவர்களே வேலையைக் காப்பாற்றித் தந்த பயிற்சியாளர்கள் எத்தனை பேர்?