வாகன ஒயரிங்கில் அறுந்த கம்பியையும் பின்னையும் சரிசெய்தல்

வாகன ஒயரிங் பழுது நீக்கல் என்பது, வண்டியில் அறுந்துபோன மின்கம்பியையும் அதன் நுனியில் உள்ள உலோகப் பின்னையும் மீண்டும் நன்றாக வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். பேட்டரி, விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் முதலியவற்றை இணைக்கும் கம்பிகளின் தொகுப்பே ஒயரிங். இரண்டு தொகுப்புகள் சேரும் பிளாஸ்டிக் கூட்டை மெக்கானிக்குகள் கப்ளர் என்பர். கப்ளருக்குள் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பின் உண்டு. கம்பி அடிக்கடி வளையும் இடங்களிலும் பின்னை ஒட்டிய இடத்திலும் பழுது மிகுதியாக ஏற்படுகிறது.

பழுதின் காரணங்கள்

மதுரையில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெயிலிலேயே நிற்கும் வண்டியில் கம்பியின் உறை நாளடைவில் இறுகி வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வெடிப்பின் வழியே நீர் புகுந்து, செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் போன்ற நெல் விளையும் பகுதிகளில் வயலையும் வைக்கோற்போரையும் ஒட்டி நிறுத்தப்படும் வண்டிகளுக்கு எலித் தொல்லையும் உண்டு. இருசக்கர வண்டியில் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் அதன் கழுத்துப் பகுதிக் கம்பிகள் வளைந்து நிமிர்கின்றன. வெளியே உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும்.

முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

அறுந்த இரு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றினால் விளக்கு எரியும். ஆனால் அந்த இணைப்பு அதிர்வில் தளர்ந்து, களிம்பு பிடித்து, மின்தடையாக மாறுகிறது. பள்ளியில் படிக்கும் ஓமின் விதியைக் கொண்டே இதன் விளைவைக் கணக்கிடலாம்.

12 வோல்ட் அமைப்பில் 60 வாட் முகப்பு விளக்குக்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். தளர்ந்த இணைப்பின் மின்தடை 0.2 ஓம் மட்டுமே என்று கொள்வோம். அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 × 0.2 = 1 வோல்ட். வெப்பமாக மாறும் திறன் 5 × 1 = 5 வாட். ஒரு கடலைப்பருப்பு அளவுள்ள இடத்தில் 5 வாட் வெப்பம் தொடர்ந்து சேர்ந்தால் டேப்பின் பசை உருகும், உறை இளகும், கப்ளர் கருகும். அருகிலுள்ள கம்பியோடு உராய்ந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மேலும், ஹாலஜன் விளக்கில் 1 வோல்ட் குறைந்தால் ஒளி ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். இரவில் நாற்கரச் சாலையில் செல்பவருக்கு இது உயிர் சார்ந்த செய்தியாகும்.

பழுதைக் கண்டறிதல்

மல்டிமீட்டரின் பீப் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. இருபது இழைகளில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் பீப் ஒலி வரும். ஆனால் அந்த ஓர் இழையால் 5 ஆம்பியரைத் தாங்க முடியாது. எனவே விளக்கை எரியவிட்டுச் சோதிக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் நேர்மின்னோட்ட அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை விளக்குக்கு மின்சாரம் வரும் பின்னிலும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டும் அளவே வழியில் ஏற்படும் இழப்பு. அது அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ பழுது இருக்கிறது. கறுப்பு முனையைக் கப்ளர் கப்ளராகப் பேட்டரியை நோக்கி நகர்த்தினால், அளவு சட்டென்று குறையும் இடத்தில் பழுது அகப்படும். எர்த் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

1. முதலில் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்ற வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படும்.

2. கப்ளரில் எந்த நிறக் கம்பி எந்தத் துளையில் உள்ளது என்பதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. பின்னைப் பிடித்திருக்கும் சிறு நாக்கை மெல்லிய ஊசியால் அழுத்தி, கம்பியைப் பின்பக்கமாக இழுத்தால் பின் வெளியே வரும். பலமாக இழுத்தால் கப்ளர் உடையும்.

4. கறுத்த செம்பை வெட்டி நீக்கி, பளபளப்பான செம்பு தெரியும் வரை செல்ல வேண்டும். கம்பியின் நீளம் குறைந்தால், அதே தடிமனும் அதே நிறமும் உள்ள துண்டைச் சேர்க்கலாம். மெல்லிய கம்பி சூடேறும்.

5. புதிய பின்னில் இரண்டு சோடி மடிப்புகள் இருக்கும். முன் மடிப்பு செம்பையும் பின் மடிப்பு உறையையும் பிடிக்க வேண்டும். மின்சாரம் செல்வது முன் மடிப்பில். இழுவையையும் அதிர்வையும் தாங்குவது பின் மடிப்பு. சாதாரணக் குறட்டால் நசுக்காமல், கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். பிறகு கம்பியை இழுத்துப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

6. பின்னைத் துளையில் தள்ளும்போது ‘டிக்’ என்ற ஒலி வர வேண்டும்.

7. கம்பியின் நடுவில் இணைப்பதானால், சூட்டில் சுருங்கும் குழாயை முதலிலேயே கம்பியில் கோத்துவிட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் விறைத்துப்போவதால், அதன் ஓரத்தில் கம்பி மீண்டும் முறியக்கூடும். ஆகவே இணைப்பு வளையாதபடி அதன் இருபுறமும் கட்டிவைக்க வேண்டும். அமிலப் பசை கூடாது, அது செம்பை அரிக்கும்.

8. மைனஸ் இணைப்பைக் கடைசியாக மாட்டி, மின்னழுத்த இழப்பை மீண்டும் அளக்க வேண்டும். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸையே போட வேண்டும். அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ வைப்பது, தீயைத் தடுக்கும் காவலை நீக்குவதற்குச் சமம்.

தொடக் கூடாதவை

ஏர்பேக் அமைப்பின் மஞ்சள் நிறக் கப்ளர்களையும், மின்சார, ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு நிற உயரழுத்தக் கம்பிகளையும் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில் கம்பியை வெட்டும் முன் விற்பனையாளரிடம் கேட்பது நல்லது.

கற்க விரும்புவோருக்கு

மோட்டார் வாகனத் தொழிலில் மதுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911 இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் இந்நகரிலிருந்தே வளர்ந்தது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை இரண்டு ஆண்டுகள் படிக்கலாம். கருவிகளின் பெயரை அங்கே எளிதில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்து, அளந்து பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்கும் பழக்கத்தையும் மாணவர்கள் அதோடு சேர்த்துப் பெற வேண்டும்.