மூவவத்தைத் தூண்டல் மோட்டர்: இயக்கமும் தெரிவும்

ஆலைகளில் நீர்ப்பம்பிகளையும் காற்றழுத்திகளையும் பொருள் சுமக்கும் பட்டிகளையும் இன்று பெரும்பாலும் இயக்குவது மூவவத்தைத் தூண்டல் மோட்டரே. அவற்றுட் பெருவழக்காயுள்ள அணிற்கூட்டு வகையிற் சுழலும் பகுதிக்கு வெளியிலிருந்து மின்கம்பி எதுவும் செல்வதில்லை. எனினும் அது சுழல்கின்றது. இதன் காரணத்தை உணர்ந்தவர்க்கே ஒரு தொழிலுக்கேற்ற மோட்டரைப் பிழையின்றித் தெரிந்தெடுத்தல் இயலும்.

1824 ஆம் ஆண்டில் அராகோ என்னும் பிரெஞ்சு அறிஞர், சுழலும் செப்புத் தட்டு அருகிலுள்ள காந்த ஊசியைத் தன்னோடு இழுத்துச் செல்வதைக் கண்டார். சுழலும் காந்தமண்டலத்தை மின்னோட்டங்களாலேயே ஆக்கலாம் என்பதை இத்தாலியரான பெராரிசும் அமெரிக்காவில் வாழ்ந்த டெஸ்லாவும் 1888 இல் தனித்தனியே வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி மூவவத்தை அணிற்கூட்டு மோட்டரை அமைத்தார்.

மோட்டரின் நிலையான பகுதியில் மூன்று சுருட்டொகுதிகள் இடம்பெயர்த்து அமைக்கப்பட்டுள்ளன. அவற்றிற் பாயும் மூன்று ஆடலோட்டங்களும் ஒரு வட்டத்தின் மூன்றிலொரு பங்கு காலத்தால் ஒன்றினொன்று பிந்துவன. ஆதலின் அவை கூடி ஆக்கும் காந்தமண்டலம் வலிமை குன்றாது சுழலும். மீடிறன் 50 ஆகவும் முனைவுகள் 4 ஆகவும் இருப்பின், அது நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். சுழலியிலுள்ள அலுமினிய அல்லது செப்புச் சலாகைகளை அம்மண்டலம் வெட்டிச் செல்ல, அவற்றில் மின்னோட்டம் தூண்டப்பட்டு முறுக்கம் பிறக்கின்றது. சுழலியும் 1500 சுற்றுக்களை எட்டிவிடின் வெட்டுதல் இல்லை, மின்னோட்டமில்லை, முறுக்கமுமில்லை. எனவே பிந்துதலே அதன் உயிர்நிலை. 1440 சுற்றுக்களில் ஓடும் மோட்டரின் வழுக்கல் 4 சதவீதமாகும். சுமை கூடின் வழுக்கல் கூடும். அதனுடன் மின்னோட்டமும் முறுக்கமும் கூடும்.

தொடங்குங்கால் வழுக்கல் 100 சதவீதம். அப்போது மோட்டர் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஏறக்குறைய 5 முதல் 7 மடங்கை உறிஞ்சும். இதனைத் தணிக்க ஸ்டார்-டெல்ற்றாத் தொடக்கி பயன்படும். அது வழங்கற் கம்பிகளின் மின்னோட்டத்தை மூன்றிலொன்றாக்கும். ஆனால் முறுக்கத்தையும் மூன்றிலொன்றாக்கிவிடும். மையநீக்கப் பம்பிக்குத் தொடக்கத்தில் சிறு முறுக்கமே போதுமாதலின் இது பொருந்தும். பாரமேற்றிய பட்டியோ கல்லுடைக்கும் பொறியோ அசையாது நின்றுவிடக்கூடும். காப்புக் கருவி வெட்டாவிடிற் சுருள்கள் வெந்துபோகும். ஆகவே, வலு இத்தனை கிலோவாற்று என்று மட்டும் குறித்து மோட்டர் கேட்பது போதாது.

வலுவோடு உவோற்றளவு, மீடிறன், கதி, தொடக்க முறுக்கம் ஆகியனவும் குறிக்கப்படல் வேண்டும். இலங்கை வழங்கலுக்கு 400 உவோற்றும் 50 மீடிறனும் உரியன. 60 மீடிறனில் நான்கு முனைவு மோட்டரின் காந்தமண்டலம் 1800 சுற்றுக்கள் சுழலுமாதலின், கதியைத் தனித்துக் கூறுவதிற் பொருளில்லை. தூசியும் நீர்த்தாரையும் படும் இடத்துக்கு ஐபி 55 போன்ற காப்புறை வேண்டும். எப் வகுப்புக் காவலி 155 பாகை சதமளவை தாங்கும். சூழல் வெப்பம் பொதுவாக 40 பாகையெனக் கொள்ளப்படும். இடைவிடாத ஓட்டமா, விட்டுவிட்டு ஓடுவதா என்பதும் கூறப்படல் வேண்டும். நாள் முழுதும் ஓடுவதாயின் ஐஇ 3 போன்ற உயர்திறன் வகுப்பின் மிகைவிலை மின்கட்டணத்தில் மீளும்.

சுருங்கக் கூறின், பொறி எவ்வாறு தொடங்கும், எவ்வாறு ஓடும், எங்கே நிற்கும் என்னும் மூன்றையும் முதலில் ஆராய்க. மோட்டரின் வலுவை அதன்பின் தீர்மானிக்க.