ஒரே தீயில் இரண்டு பானை

மகன் மனாமாவில் இருக்கிறான். தொலைபேசியில் சுகம் விசாரித்து முடிந்ததும், "உம்மா, இந்தக் கிழமை இங்கே கார்ப் பந்தயம். ஊரெல்லாம் அதுதான் பேச்சு" என்கிறான். குச்சவெளியில் இருக்கும் உம்மாவுக்கு அதில் என்ன அக்கறை? "நீ சாப்பிட்டாயா மகனே?" என்று பேச்சை மாற்றி விடுகிறார். பஹ்ரைனில் 2004இலும், அபுதாபியில் 2009இலும், ஜித்தாவிலும் கத்தாரிலும் 2021இலும் தொடங்கிய இந்த போர்மியுலா வன் பந்தயம், நம் பிள்ளைகள் உழைக்கும் நகரங்களிலேயே நடக்கிறது. ஆனாலும் சத்தம் போட்டுக் கொண்டு வட்டமிடும் அந்தக் கார்கள் பணக்காரர்களின் வீண் விளையாட்டு என்பதுதான் நம்மில் பலரின் எண்ணம்.

வீண் விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எரிபொருள் விடயத்தில் அந்தக் கார்களின் எஞ்சின் செய்து காட்டிய காரியம், 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று. ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டையில் அளந்து தந்த காலத்தை யார் மறப்பார்கள், சகோதரிகளே?

முதலில் ஒரு கேள்வி. காருக்கு 100 ரூபாவுக்குப் பெற்றோல் அடித்தால், அதில் எத்தனை ரூபா கார் ஓடுவதற்குப் பயன்படுகிறது? சாதாரணக் காரில் முப்பது ரூபா அளவுக்குத்தான். மீதியெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. புகைக்குழாய் வழியே ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வழியே ஒரு பங்கு. நாம் காசு கொடுத்து வாங்கி காற்றைச் சூடாக்குகிறோம்!

பந்தயக் கார்களும் அப்படித்தான் இருந்தன. 2013 வரை ஓடிய எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் ஒரு பந்தயத்துக்கு ஏறத்தாழ 150 கிலோ பெற்றோலைக் குடித்தன. 2014இல் விதியை மாற்றினார்கள். எஞ்சின் 1.6 லீற்றர் மட்டும், சிலிண்டர் ஆறு. சுமார் 305 கிலோமீற்றர் பந்தயத்துக்கு 100 கிலோ பெற்றோல்தான். எந்த நேரத்திலும் மணிக்கு 100 கிலோ வேகத்துக்கு மேல் எஞ்சினுக்குள் பாயவும் கூடாது. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, வேகத்தைக் குறைக்காதே என்றால் என்ன செய்வது? சம்பளம் குறைந்த மாதத்திலும் பிள்ளைகளின் வயிறு குறையக் கூடாது என்று சமைக்கும் தாய்க்கு அந்த எஞ்சினியர்களின் தலைவலி நன்றாகவே புரியும்.

வழியும் அடுப்படியில் நாம் அறிந்ததுதான். 1980களில் இலங்கையில் பரவிய 'அனகி' என்ற மண்ணடுப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு வாயில் விறகு எரியும். மேலே சோற்றுப் பானை. அந்தப் பானையைத் தாண்டிப் போகும் சூடு வெளியே ஓடிவிடாமல் உள்வழியாகச் சென்று பின்னாலுள்ள இரண்டாவது பானையைச் சூடாக்கும். ஒரே தீ, இரண்டு பானை.

டர்போ என்பது அந்த இரண்டாவது பானை. எஞ்சினிலிருந்து சீறி வெளியேறும் புகை ஒரு சிறு சில்லைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். 2014இல் அந்தத் தண்டிலேயே மின்சார இயந்திரம் ஒன்றையும் கோர்த்தார்கள். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுழல அதற்கு அனுமதி இருந்தது. காற்றை அமுக்கியது போக மிஞ்சும் புகையின் வலுவை அது மின்சாரமாக்கியது. இன்னொரு மின்சார இயந்திரம் எஞ்சினின் பிரதான தண்டோடு இணைந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஓட்டத்தை அது மின்சாரமாக்கிப் பற்றறியில் சேர்த்தது. வளைவு தாண்டியதும் அதைத் திருப்பித் தந்து சுமார் 160 குதிரை வலுவைக் கூட்டியது.

பலன் என்ன? மணிக்கு 100 கிலோ பெற்றோலில் அடங்கியிருக்கும் சக்தி ஏறத்தாழ 1,200 கிலோவாட். அதில் பாதியைப் பிடித்தாலே 800 குதிரை வலு. 2017இல் இங்கிலாந்தின் பிரிக்ஸ்வேர்த் ஊரிலுள்ள மெர்சிடிஸ் தொழிற்கூடம், பரிசோதனை மேடையில் தன் எஞ்சின் பாதிக்கு மேல் பிடித்துவிட்டது என்று அறிவித்தது. வலு வேண்டுமென்றால் அதிகம் எரிக்க வேண்டும் என்ற பழைய கணக்கு இங்கே உடைகிறது. எரிபொருளுக்கு அளவு வைத்துவிட்டால், சிந்தாமல் பிடிப்பவனுக்குத்தான் வலுவும் கிடைக்கும். 2014இன் 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் அணியே வென்றது.

அளவு வைப்பது புதிதல்ல. 1980களின் டர்போ கார்களுக்கும் பெற்றோலுக்கு எல்லை இருந்தது. 1986இல் 195 லீற்றர். அவ்வாண்டு ஜேர்மனியில் உலக சாம்பியன் அலன் ப்ரோஸ்ட்டின் கார், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பே வற்றிப் போய் நின்றது. மனிதர் இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டார்! 2022இல் எரிபொருள் வரிசையில் ஆட்டோ தள்ளிய நம்மவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

நம் மொழி பேசும் ஒருவரும் இக்களத்தில் ஓடியிருக்கிறார். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2005இல் போர்மியுலா வன்னில் ஓட்டிய முதல் இந்தியர். ஆனால் அவர் அப்போது ஓட்டியது பத்து சிலிண்டர், தாராளமாகக் குடிக்கும் பழைய வகை.

இங்கே ஒரு விளம்பரப் பேச்சையும் பார்க்க வேண்டியிருக்கிறது. "பந்தயத்தில் கண்டுபிடித்ததே உங்கள் வீட்டுக் காரில்" என்பார்கள். பிரேக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும் டொயோட்டா பிரியஸ் 1997இலேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. பந்தயக் கார்கள் அதைத் தொட்டது 2009இல். இந்த விடயத்தில் குடும்பக் கார்தான் முன்னோடி! புகையிலிருந்து மின்சாரம் எடுக்கும் அந்த விலை கூடிய இயந்திரத்தையோ 2026ஆம் ஆண்டு விதிகளில் நீக்கியே விட்டார்கள். பதிலுக்குப் பிரேக் மின்சாரத்தின் வலுவை ஏறத்தாழ மூன்று மடங்காக்கினார்கள். தவிரவும், போர்மியுலா வன் நிர்வாகமே 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, அதன் மொத்தக் கரியமில வெளியேற்றத்தில் கார்களின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. நாடு நாடாகச் சாமான் ஏற்றிப் பறப்பதிலும் ஆட்கள் பயணிப்பதிலும்தான் பெரும் பங்கு போகிறது.

இனி நம் வாசலுக்கு வருவோம். பிள்ளை அனுப்பிய காசில் பழைய ஹைபிரிட் கார் வாங்கலாமா என்ற பேச்சு நம் வீடுகளில் எழுகிறது. வாங்குமுன் எங்கே ஓடப் போகிறது என்று கேளுங்கள். நின்று நின்று ஓடும் கொழும்பு நெரிசலில்தான் ஹைபிரிட்டுக்கு முழு இலாபம். பிரேக் பிடிக்கப் பிடிக்க மின்சாரம் சேரும். குச்சவெளியிலிருந்து நிலாவெளி வழியாகத் திருமலைக்குப் போகும் திறந்த பாதையில் அவ்வளவு மிச்சம் வராது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால், கைமாறும் கார்களில் பல வயதானவை; பற்றறியைச் சோதிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். பிரியஸ், அக்குவா கார்களில் பின் ஆசனத்தோரம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றறி குளிர்வது அதன் வழியாகத்தான். பையையோ பிள்ளையின் போர்வையையோ வைத்து அதை அடைத்துவிடுவது பெரும்பாலும் நாம்தான்!

ஆனால் குச்சவெளியின் உண்மையான எரிபொருள் கணக்கு காரில் இல்லை. கரையில் நிற்கும் பைபர் படகுகளில் இருக்கிறது. 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். படகுக்கு ஹைபிரிட் உதவுமா? கடலில் பிரேக் ஏது? தண்ணீரே பிடித்து இழுக்கிறது. அங்கே இழந்ததை மீட்க வழியில்லை. பழைய இருவீச்சு எஞ்சினோ, எரியாத எண்ணெயில் கொஞ்சத்தைப் புகையோடு கடலிலேயே விட்டுவிடும்.

பந்தயக்காரர்களிடமிருந்து படகுக்கு எடுக்கக் கூடியது ஒன்றுதான். வளைவு வரும் முன்பே விசையிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓடிய வேகத்திலேயே காரை உருள விடுவார்கள், பெற்றோல் மிச்சமாகும். படகிலும் முழு விசையில் பாயாமல் சற்றுத் தளர்த்தி வந்தால், அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுரண்டி வைத்தால், கானில் எண்ணெய் மிஞ்சும். ஆனால் பிந்தி வந்தால் கரையில் மீன் முதலாளியின் லொறி காத்து நிற்குமா என்பது வேறு கணக்கு.