உஷார்! பிள்ளையின் முதல் பைக் எத்தனை சிசி?

காலேஜில் சேர்ந்த கையோடு பிள்ளை பைக் கேட்கிறானா? மகள் கேட்கிறாளா? வாங்கிக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மைலேஜ் எவ்வளவு, இஎம்ஐ எத்தனை மாதம், சிவப்பு கிடைக்குமா கறுப்புதானா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். இந்த இன்ஜினை இவன் கை தாங்குமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விற்கிறவர் கேட்பதில்லை. நண்பர்கள் கேட்பதில்லை.

சட்டமும் கேட்பதில்லை!

பல பெற்றோருக்குத் தெரியாத விஷயம் இது. நம் நாட்டில் 18 வயது முடிந்த ஒருவர், அப்பாவின் 100 சிசி வண்டியில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் கியர் வண்டிக்கு லைசென்ஸ் வாங்கிவிடலாம். மறுநாளே அதே லைசென்ஸோடு 650 சிசி வண்டியில் ஏறி ஹைவேக்குப் போகலாம். யாரும் தடுக்க முடியாது. சிங்கப்பூரில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே புதிதாக ஓட்டுகிறவருக்கு முதலில் ‘2பி’ லைசென்ஸ்தான், அதில் 200 சிசி வரைதான் ஓட்டலாம். ஒரு வருடமாவது போன பிறகு மறுபடி பயிற்சி, மறுபடி டெஸ்ட், அப்புறம்தான் 400 சிசி. அதற்கு மேல் போக இன்னொரு வருடம், இன்னொரு டெஸ்ட். பிரிட்டனிலும் 17 வயதுக்காரருக்கு 125 சிசிக்கு மேல் கிடையாது. இங்கே அப்படி எதுவும் இல்லாததால், அந்தக் கண்டிப்பை வீட்டில் நாம்தான் காட்டியாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பையனுக்கு 19 வயது. அதுவரை அவன் ஓட்டியதெல்லாம் அம்மாவின் ஸ்கூட்டர். கிளட்ச் பழகியது நண்பனின் வண்டியில், அதுவும் தெருமுனை வரை. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். பிறந்தநாளுக்குப் பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்பினார். வந்தது 400 சிசி வண்டி. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பைபாஸில் ஒரு வேனைத் தாண்டப் போயிருக்கிறான். ஸ்கூட்டரில் எவ்வளவு முறுக்குவானோ அவ்வளவுதான் முறுக்கியிருக்கிறான். வண்டி சீறியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. ஹேண்டிலைப் பிடித்திருந்த வலது கையும் கூடவே பின்னால் போக, மணிக்கட்டு மடங்கி ஆக்ஸிலேட்டர் இன்னும் திறந்துகொண்டது. வேன் பக்கத்தில் வந்துவிட்டது. பயத்தில் ஹேண்டிலை ஓரமாகத் திருப்பியபடியே நாலு விரலாலும் முன் பிரேக்கை இறுக்கிவிட்டான். ரோட்டோரத்தில் மணல்.

தொடை எலும்பு முறிவு. உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன். மணிக்கட்டும் போனது. ஒரு வருடப் படிப்பு போனது. நல்ல வேளையாகத் தலையில் ஹெல்மெட் இருந்தது, அதுவும் ஸ்ட்ராப் மாட்டியிருந்தது. பார்க்கப் போனபோது, அம்மா ஊட்டிவிட்ட இட்லியை மென்றுகொண்டே அவன் சொன்னது: “நான் முறுக்கவே இல்ல ஆன்ட்டி, அதுவா போச்சு.”

அவன் பொய் சொல்லவில்லை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது!

நம் வீடுகளில் இருக்கிற ஸ்ப்ளெண்டர் சுமார் 8 குதிரைத்திறன் கொடுக்கும். எடை 112 கிலோ. தெரியாமல் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் அது உறுமும், நிதானமாகத்தான் வேகம் பிடிக்கும். தப்பைத் திருத்திக்கொள்ள உங்களுக்கு நேரம் கொடுக்கும். இப்போது வருகிற கேடிஎம் 390 டியூக்கில் ஏறக்குறைய 45 குதிரைத்திறன். எடை ஒன்றரை மடங்குதான், சக்தி ஐந்து மடங்குக்கும் மேல்! நல்ல வண்டிதான், பழகிய கைக்கு. பழகாத கை முறுக்கினால், தப்பு நடந்தது புரிவதற்குள் வண்டி எங்கேயோ போய்விட்டிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. விரல் பிரேக்குக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் காலி. பிறகு பிரேக் பிடித்தாலும், 40-இல் நிற்பதற்கு எடுக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு வேண்டும். இரண்டு மடங்கு அல்ல, நான்கு!

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் மட்டும் 74,897 பேர். அதே வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு.

சரி, அப்படியானால் சிசி குறைவாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது! இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிசி என்பது இன்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு. வண்டி எவ்வளவு ஆவேசமாகக் கிளம்பும் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் சுமார் 20 குதிரைத்திறன்தான். டியூக் 200-இல் 25! “350 வேண்டாம்டா, 200 எடுத்துக்கோ” என்று பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்கிற அப்பா, அதைவிடச் சீறுகிற வண்டியைத்தான் கையில் கொடுக்கிறார். ஷோரூமில் பேப்பரை வாங்கி, சிசிக்குப் பக்கத்தில் பவர் எவ்வளவு, எடை எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படியுங்கள்.

அதற்காக 350 எடுத்துவிடலாம் என்றும் ஓடாதீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டதால் ஆசை இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் கிளாசிக்கின் எடை 195 கிலோ. ஓடும்போது அந்தக் கனம் தெரியாது. சிக்னலில் நிற்கும்போது, குறுகிய தெருவில் யூ-டர்ன் போடும்போது, சரிவில் பார்க்கிங்கிலிருந்து பின்னால் இழுக்கும்போது தெரியும். லேசாகச் சாய்ந்தால் பழகாத காலால் தாங்க முடியாது. வண்டி காலின் மேலேயே விழும். நின்ற இடத்திலேயே கணுக்கால் போகும்.

ரொம்பச் சின்ன வண்டி வாங்கிவிட்டோம், இனி நிம்மதி என்றும் இருந்துவிடக் கூடாது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். பதற்றத்தில் இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அது. 125-ம் அதற்குக் கீழும் இருப்பவற்றுக்கு, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிடிக்கிற சிபிஎஸ் இருந்தாலே போதும் என்று அந்த விதி விட்டுவிட்டது. அதனால் என்னைக் கேட்டால், முதல் வண்டி 125-லிருந்து 160 சிசிக்குள், ஏபிஎஸ்ஸோடு, 10-லிருந்து 15 குதிரைத்திறனுக்குள், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறதாக இருக்கட்டும். குனிந்து படுத்து ஓட்டுகிற ரேஸ் மாடல் வேண்டவே வேண்டாம், சிசி எவ்வளவு குறைவாக இருந்தாலும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கவே பழகாத பிள்ளைக்கு அது இன்னொரு கஷ்டம்.

“எப்படியும் ரெண்டு வருஷத்துல பெருசு கேப்பான், இப்பவே வாங்கிடலாமே?” வளரும் பிள்ளைக்குப் பெரிய சைஸில் சட்டை எடுப்பது போல வண்டி எடுக்காதீர்கள்! ஒரு வருடம் செகண்ட் ஹேண்டில் நல்ல 150 சிசி ஓட்டட்டும். கீழே போட்டாலும் மனசு அடித்துக்கொள்ளாது, பிறகு விற்றாலும் பெரிய நஷ்டம் இருக்காது. மிச்சக் கணக்கையும் பாருங்கள். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, புது வண்டிக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் 75-லிருந்து 150 சிசி வரை 3,851 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 7,365. 350-ஐத் தாண்டினால் 15,117!

இனி, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய அறிகுறிகள்.

வண்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டாப் ஸ்பீடு மட்டும்தான் பிள்ளையின் வாயில் வருகிறதா? டெலிவரி எடுக்கும் முன்பே சைலன்ஸர் மாற்ற விலை கேட்கிறானா? கண்ணாடி அழகைக் கெடுக்கிறது, கழற்றிவிடலாம் என்கிறானா? 70 கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைக்கு முதல் வாரமே நண்பர்களோடு கிளம்பத் திட்டம் இருக்கிறதா? ஹெல்மெட் தலையில் இல்லாமல் முழங்கையில் தொங்குகிறதா? ஒன்று இருந்தாலும் புக்கிங்கைத் தள்ளிப் போடுங்கள்.

டெஸ்ட் ரைடுக்கு நீங்களும் கூடப் போங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், நுனி விரல் மட்டும் தொட்டால் அந்த வண்டி வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஷோரூம் வாசலில் தள்ளித் திருப்பச் சொல்லுங்கள். கியர் மாற்றும்போது குனிந்து காலைப் பார்க்கிறானா, கிளட்சை விடும்போது வண்டி குதிக்கிறதா, முன் பிரேக்கைத் தொடாமல் காலால் மட்டுமே மிதிக்கிறானா? எல்லாம் அபாய மணி! “ஒரு வாரத்துல பழகிடும் மேடம், பசங்க எல்லாம் இதான் எடுக்குறாங்க” என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வாரம்தான் பயமே.

18 வயது ஆகாத பிள்ளைக்குச் சாவி கொடுக்கிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை. 2019-இல் திருத்திய சட்டப்படி, பிள்ளை பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பெரிய வண்டி ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறதா? பதற வேண்டாம். ஆனால் இன்றே பேசுங்கள். வண்டியில் ‘ரெயின்’ மோட் இருந்தால் அதில் போட்டுவிட்டுத்தான் சில மாதம் ஓட்ட வேண்டும், வேகம் பிடிப்பதை அது மட்டுப்படுத்தும். விடியற்காலையில் காலி மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். 30 வேகத்தில் நேராக வந்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் பிழிவது போலப் படிப்படியாக அழுத்தி நிறுத்தப் பழகட்டும். கைக்கு வந்த பிறகு 40. நிறுத்தத் தெரிந்த பிறகுதான் ஹைவே. ஆறு மாதத்துக்கு ராத்திரிப் பயணம் வேண்டாம், பின்னால் நண்பனை ஏற்ற வேண்டாம். அதற்குப் பிறகு ஏற்றினாலும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட இரண்டாவது ஹெல்மெட் இல்லாமல் ஏற்றக் கூடாது. இப்போதே வாங்கி வண்டிச் சாவிக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள்.